பழைய அம்பாசடரில் ரேடியோ பொருத்துதல்: எர்த் முதல் ஏரியல் வரை

பழைய காரில் ரேடியோ பாடவில்லை என்றால் பெரும்பாலும் குற்றம் ரேடியோவில் இருக்காது. அதற்கு வரும் கரண்டில் இருக்கும், அல்லது அந்தக் கரண்ட் பாடித் தகடு வழியாகப் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் வழியில், அதாவது எர்த்தில், இருக்கும். முப்பது, நாற்பது வருடம் ஓடிய வண்டியில் துரு பிடித்த எர்த், முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட், ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சிகரெட் பாக்கெட் ஃபாயில் என்று எல்லாமே சேர்ந்திருக்கும். புதிய செட் வாங்கிப் பழைய வயரில் கோத்துவிட்டால் இரண்டு மாதத்தில் மறுபடி கழற்ற வேண்டி வரும். அதனால் ரேடியோவுக்கென்று ஒரு தனி லைன், ஒரு நல்ல எர்த், ஒழுங்கான ஏரியல் (ஆன்டெனா) ஆகிய மூன்றையும் முதலில் செய்துவிட்டு, செட்டைக் கடைசியாகக் கையில் எடுங்கள்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது, ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்ய ஆல்டர்னேட்டருக்குப் பதில் டைனமோ வைத்த பழைய அம்பாசடர். 2014 மே மாதம் உத்தர்பாராவில் உற்பத்தி நிற்கும் வரை இந்த வண்டியின் உருவம் பெரிதாக மாறவில்லை என்றாலும், எலக்ட்ரிக்கல் பக்கம் நிறைய மாறியிருக்கிறது. பிரீமியர் பத்மினிக்கும் வேலை முறை இதேதான், வயர் நிறங்கள் மட்டும் ஃபியட் வழக்கப்படி வேறாக இருக்கும். மாருதி 800 வைத்திருப்பவர்கள் டைனமோ, காரின் வயர் நிறங்கள் பற்றிய பகுதிகளை விட்டுவிட்டு மற்றதைப் பின்பற்றலாம்.

முதலில் பார்க்க வேண்டியது: எந்தப் பக்கம் எர்த்?

பானெட்டைத் திறந்து, பேட்டரியின் எந்த முனையிலிருந்து கேபிள் பாடிக்குப் போகிறது என்று பாருங்கள். நெகட்டிவ் முனை பாடியில் இருந்தால் நிம்மதி. பாசிட்டிவ் முனை பாடியில் இருந்தால் அது பாசிட்டிவ் எர்த் வண்டி. அம்பாசடருக்கு மூலமான மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3 பாசிட்டிவ் எர்த்தில் வந்த கார். ஆகவே ஆரம்பகால வண்டி என்றால் இதைப் பார்க்காமல் கை வைக்கவே கூடாது. இன்றைய ரேடியோவின் தகர உடல் நெகட்டிவோடு சேர்ந்தது. பாசிட்டிவ் எர்த் வண்டியின் டேஷ்போர்டில் அதை முடுக்கினால், ஸ்க்ரூ தொட்ட நொடியில் ஷார்ட் ஆகும்.

கேபிளின் நிறத்தை நம்பாதீர்கள். எத்தனையோ பேர் எத்தனையோ முறை மாற்றியிருப்பார்கள். பேட்டரி மேலேயே உள்ள கூட்டல், கழித்தல் குறிகளைப் பாருங்கள். கூட்டல் முனையின் தூண் சற்றுத் தடியாகவும் இருக்கும். மல்டிமீட்டர் இருந்தால் 20 வோல்ட் டி.சி.யில் வைத்து ஒரு முறை உறுதி செய்துகொள்ளுங்கள். இன்ஜின் நின்றிருக்கும்போது நல்ல பேட்டரி 12.4 முதல் 12.7 வோல்ட் காட்டும். ஆறு வோல்ட் பழைய ஜீப்பாக இருந்தால், ஆறிலிருந்து பன்னிரண்டாக ஏற்றும் கன்வெர்ட்டர் வேண்டும். 24 வோல்ட் லாரியில் இரண்டு பேட்டரிகளுக்கு நடுவிலிருந்து 12 வோல்ட் எடுப்பது ரொம்ப நாளாக நடக்கும் தவறு. ஒரு பேட்டரி மட்டும் வடிந்துகொண்டே போகும், மற்றது ஓவர்சார்ஜ் ஆகும், கடைசியில் இரண்டுமே போய்விடும். அங்கே 24-லிருந்து 12-ஆகக் குறைக்கும் கன்வெர்ட்டர்தான் சரி.

பாசிட்டிவ் எர்த் வண்டியை நெகட்டிவ் எர்த்தாக மாற்றுவது ஒரு மணி நேர வேலை. பேட்டரியைக் கழற்றித் திருப்பி வையுங்கள். தூண்களின் தடிமன் மாறுவதால் கேபிள் கிளாம்புகளையும் மாற்ற வேண்டியிருக்கும். அடுத்து டைனமோ. அதன் டி, எஃப் என்ற இரண்டு முனைகளிலிருந்தும் வயரைக் கழற்றிவிடுங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு வயர் கொண்டுவந்து, எஃப் முனையில் மூன்று நான்கு முறை தொட்டுத் தொட்டு எடுங்கள். சின்னப் பொறி பறக்கும். உள்ளே இரும்பில் தங்கியிருக்கும் காந்தம் திசை மாறுவதற்கு அது போதும். இதைச் செய்யாமல் ஸ்டார்ட் செய்தால் டைனமோ பழைய திசையிலேயே சார்ஜ் கொடுத்து, அதைப் பேட்டரியோடு சேர்த்தும் பிரித்தும் விடும் கட்-அவுட்டின் பாயின்ட்டைத் தீய்த்துவிடும்.

மூன்றாவது, பிளக்குகளுக்குத் தீப்பொறி தரும் இக்னிஷன் காயிலின் இரண்டு சின்ன வயர்களை இடம் மாற்றுங்கள். குறி போட்ட காயிலில் கழித்தல் முனை, தீப்பொறியைப் பிளக்குகளுக்குப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போக வேண்டும். மாற்றாமல் விட்டாலும் வண்டி ஓடும், ஆனால் பிளக்கில் தீப்பொறி பலவீனமாகி, காலையில் ஸ்டார்ட் ஆக முரண்டு பிடிக்கும். அம்மீட்டர் இருந்தால் அதன் இரண்டு வயர்களையும் மாற்றிப் போடுங்கள். இல்லாவிட்டால் முள் எதிர்ப்பக்கம் ஓடும். எல்லாம் முடிந்ததும் பானெட்டுக்கு அடியில் ‘நெகட்டிவ் எர்த்’ என்று பெயின்ட்டால் எழுதிவிடுங்கள். நாளை அந்த வண்டியைத் தொடப்போகும் மெக்கானிக்குக்கு அது பெரிய உதவி.

என்ன செட், என்ன சாமான்

கார் ரேடியோவின் வழக்கமான அளவான ஒற்றை டின் (DIN) செட்டுக்கு 182 மி.மீ. அகலம், 53 மி.மீ. உயரம் கொண்ட திறப்பு வேண்டும். அகல உயரத்தைவிட ஆழம்தான் பழைய வண்டியில் தகராறு செய்யும். சி.டி. போடும் செட் சுமார் 160 முதல் 180 மி.மீ. ஆழம் இருக்கும். பின்னால் வயருக்கு இன்னும் 50 மி.மீ. விட வேண்டும். சி.டி. இல்லாத, யூ.எஸ்.பி.யும் புளூடூத்தும் மட்டும் உள்ள செட் சுமார் 100 மி.மீ.யில் முடிந்துவிடும். அம்பாசடருக்கு அதையே வாங்குங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த பழைய செட் கையில் இருந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க செட் எஃப்.எம்.மில் 0.2 மெகாஹெர்ட்ஸ் தாவலாகப் போகும், ஒற்றைப்படைத் தசமத்தில்தான் நிற்கும். கொடைக்கானலின் 100.5 கிடைக்கும், சென்னை ரெயின்போவின் 101.4 சரியாக நிற்காது. மீடியம் வேவில் அது 10 கிலோஹெர்ட்ஸ் தாவும், நம் நாட்டில் 9 கிலோஹெர்ட்ஸ். 720-இல் நிற்கும், திருச்சியின் 936-இல் நிற்காது. செட்டிங்கில் ‘ஐரோப்பா’ அல்லது ‘ஆசியா’ என்று மாற்ற வழி இருந்தால் மட்டும் வாங்குங்கள். ஜப்பான் செட்டின் எஃப்.எம். 76-இல் தொடங்கி 90-இல் முடிந்துவிடும். இலங்கையில் ஜப்பானிலிருந்து இறக்கிய கார்களில் ஏரியல் வயருக்கு நடுவே ஒரு சின்னப் பெட்டி மாட்டியிருப்பதைப் பார்க்கலாம். மேலே உள்ள அலைவரிசையைக் கீழே இறக்கிக் கொடுக்கும் பேண்ட் எக்ஸ்பாண்டர் அது. வேலை செய்யும், ஆனால் திரையில் தெரியும் எண்ணும் உண்மையான எண்ணும் வேறு வேறாக இருக்கும்.

வாங்க வேண்டிய சாமான்கள்: 2.5 சதுர மி.மீ. பலநூல் ஆட்டோ வயர் சிவப்பில் 4 மீட்டர், கறுப்பில் 1 மீட்டர். 1 சதுர மி.மீ. வயர் 3 மீட்டர், ஸ்பீக்கர் வயர் 12 மீட்டர். வாட்டர்ப்ரூஃப் ஃபியூஸ் ஹோல்டர் ஒன்று, 15 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ் மூன்று. நடுவில் ஆஃப் உள்ள மூன்று நிலை டாகிள் ஸ்விட்ச். வளைய லக், கிரிம்ப் ஸ்லீவ், ஹீட் ஷ்ரிங்க் குழாய், துளை விளிம்பில் வயர் உரசாமல் காக்கும் 8 மற்றும் 12 மி.மீ. ரப்பர் குரோமெட், நட்சத்திர வாஷர். வீட்டு வயரிங்குக்கு வாங்கிய ஒற்றைக் கம்பி வயர் மிச்சம் இருக்கிறதே என்று போடாதீர்கள். அதிர்வில் உள்ளேயே முறிந்து, வெளியே தெரியாமல் தொல்லை கொடுக்கும்.

2.5 சதுர மி.மீ. ஏன்? செட்டின் அட்டையில் ‘50 வாட் × 4’ என்று போட்டிருந்தாலும் நடுத்தர சத்தத்தில் அது இழுப்பது 2 முதல் 3 ஆம்பியர்தான். முழு சத்தத்தில் பாஸ் அடிக்கும்போது 10 ஆம்பியர் வரை தாவும். 1.5 சதுர மி.மீ. வயரில் போக வர 4 மீட்டர் என்றால் 10 ஆம்பியரில் சுமார் அரை வோல்ட் வழியிலேயே போய்விடும். 2.5 போட்டால் அது 0.3 வோல்ட்டாகக் குறையும். டைனமோ வண்டியில் ஐடிலில் சார்ஜ் கிட்டத்தட்ட இருக்காது என்பதால் இந்த 0.2 வோல்ட்டுக்கு மதிப்பு உண்டு.

எர்த்: பாதி வயரிங் இதுதான்

பேட்டரியின் எர்த் கேபிளைக் கழற்றி ஒதுக்கி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். முதலில் ஏற்கனவே இருக்கும் இரண்டு பெரிய எர்த்தைப் பாருங்கள். ஒன்று பேட்டரியிலிருந்து பாடிக்கு, இன்னொன்று இன்ஜினிலிருந்து பாடிக்கு. இன்ஜின் ரப்பர் மவுன்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது, இரும்போடு இரும்பாகப் பாடியைத் தொடவில்லை. இரண்டையும் இணைக்கும் பின்னல் பட்டை அறுந்துபோனால் ஸ்டார்ட்டர் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் சோக் கேபிள் வழியாகத் திரும்ப முயலும். சோக் கேபிள் சூடாகிறது, புகைகிறது என்றால் காரணம் அநேகமாக இதுதான். பட்டை நைந்திருந்தால் புதிதாகப் போட்டுவிட்டு மேலே போங்கள்.

ரேடியோவின் கறுப்பு வயரை டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள கனமான பாடித் தகட்டில் கொடுங்கள். டேஷ்போர்டின் மெல்லிய பேனலிலோ, ஏற்கனவே நான்கு வயர் தொங்கும் ஸ்க்ரூவிலோ வேண்டாம். இடத்தைத் தேர்ந்தபின் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பெயின்ட்டைச் சுரண்டுங்கள். மேலே பெயின்ட், அதற்கடியில் பிரைமர், அதற்கடியில் பழுப்பாக ஒரு படலம் என்று அடுக்கடுக்காக வரும். அந்தப் பழுப்பிலேயே நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். எமரி தாளால் தேய்த்து, வெள்ளி போலப் பளிச்சிடும் தகடு தெரிந்தால்தான் அது எர்த். வளைய லக்கை வைத்து, அடியில் நட்சத்திர வாஷர் கொடுத்து, 6 மி.மீ. போல்ட்டால் முடுக்குங்கள். முடுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசுங்கள். கிரீஸைத் தடவிவிட்டு முடுக்குவது தலைகீழ் வேலை.

கறுப்பு வயரை நேராகப் பேட்டரி நெகட்டிவுக்கே கொண்டுபோனால் இன்னும் நல்லதல்லவா என்று தோன்றும். பழைய வண்டியில் அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. பாடி எர்த் என்றைக்காவது தளர்ந்தால் ஹெட்லைட், ஹார்ன், வைப்பர் எல்லாவற்றின் கரண்டும், பாடியைத் தொடும் ஏரியல் வயரின் உலோக உறை வழியாக ரேடியோவின் உடலுக்குள் புகுந்து, அந்தக் கறுப்பு வயர் வழியாகப் பேட்டரிக்குப் போகும். ஏரியல் உறை உருகும், செட்டின் உள்ளே சர்க்யூட் கோடு எரியும். ஆகவே பாடியில் எர்த் கொடுங்கள், பாடியின் எர்த்தைப் பத்திரமாகப் பாருங்கள்.

கரண்ட் எங்கிருந்து எடுப்பது

இன்றைய செட்டுகளில் நிறங்கள் ஓரளவு பொதுவானவை. மஞ்சள் எப்போதும் கரண்ட் இருக்க வேண்டிய வயர், சிவப்பு சாவி போட்டால் வருவது, கறுப்பு எர்த். நீலம் பவர் ஏரியலுக்கு, நீலத்தில் வெள்ளைக்கோடு ஆம்ப்ளிஃபையரை எழுப்ப. ஆரஞ்சு இருந்தால் லைட் போடும்போது திரை மங்குவதற்கு. நீலத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் பேட்டரியோடு சேர்க்காதீர்கள். அது கரண்ட் வெளியே வரும் வயர், உள்ளே போகும் வயர் அல்ல.

காரின் பக்கம், லூகாஸ் என்ற பிரிட்டிஷ் எலக்ட்ரிக்கல் நிறுவனத்தின் நிறங்கள். சென்னைப் பாடியில் 1961-இல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். மூலம் நம் ஊர் ஆட்டோ எலக்ட்ரீசியன்களுக்கு இந்த நிறங்கள் பழகியவை. பழுப்பு எப்போதும் உயிருள்ள, ஃபியூஸ் இல்லாத லைன். வெள்ளை இக்னிஷன் சாவிக்குப் பின் வருவது, ஃபியூஸ் இல்லாதது. பச்சை அதே இக்னிஷன் லைன், ஃபியூஸுக்குப் பின். ஊதா எப்போதும் உயிருள்ளது, ஃபியூஸுக்குப் பின். கறுப்பு எர்த். இரண்டே கண்ணாடி ஃபியூஸ் உள்ள பெட்டியில் ஏ1-ஏ2 எப்போதும் உயிருள்ள ஜோடி, ஏ3-ஏ4 சாவி ஜோடி. அதிலுள்ள 35 ஆம்பியர் லூகாஸ் ஃபியூஸ் 35-இல் எரிவது. தொடர்ந்து தாங்குவது அதில் பாதிதான்.

வெள்ளை வயரில் கொக்கி போடும் வேலையை மட்டும் செய்ய வேண்டாம். அது காயிலுக்குப் போகும் வயர். ரேடியோ லைனில் ஷார்ட் ஆனால் நெடுஞ்சாலையில் இன்ஜினே நின்றுவிடும். காயிலின் சத்தம் முழுவதும் ரேடியோவுக்குள் வருவது இன்னொரு தண்டனை.

பழைய அம்பாசடரின் சாவியில் ரேடியோவுக்கான தனி நிலை இருக்காது, சாவி போட்டால் இக்னிஷன்தான். இன்ஜினை நிறுத்திவிட்டுச் சாவியைப் போட்டுப் பாட்டு கேட்டால், டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட் மூடிய நிலையில் நின்றிருக்கும் பட்சத்தில் காயிலில் தொடர்ந்து 4 ஆம்பியர் ஓடும். அரை மணி நேரத்தில் காயில் கை வைக்க முடியாமல் கொதிக்கும், பாயின்ட் தீயும். அதற்குத்தான் மூன்று நிலை ஸ்விட்ச். நடுவில் ஆஃப், மேலே தள்ளினால் இக்னிஷன் வழி, கீழே தள்ளினால் நேராகப் பேட்டரி வழி. ஓடும்போது மேலே, நிழலில் நிறுத்திக் கேட்கும்போது கீழே.

கோக்கும் வரிசை இது:

1. பேட்டரியின் பாசிட்டிவ் முனையில், அல்லது அந்தத் தடித்த கேபிள் வந்து சேரும் ஸ்டார்ட்டர் சொலினாய்டின் போல்ட்டில், வளைய லக் போட்டு 2.5 சதுர மி.மீ. சிவப்பு வயரைக் கொடுங்கள்.
2. அங்கிருந்து 15 செ.மீ.க்குள் ஃபியூஸ் ஹோல்டர். ஃபியூஸை இப்போது போட வேண்டாம். ஃபியூஸுக்கு முன்னால் உள்ள வயர் எங்காவது உரசினால் தடுக்க ஆளில்லை, அதனால்தான் இத்தனை நெருக்கம்.
3. ஃபயர்வால் தகட்டில் ஏற்கனவே உள்ள துளை வழியாகக் குரோமெட் போட்டு உள்ளே எடுங்கள். குரோமெட் இல்லாத துளையின் விளிம்பு கத்தி. ஒரு மழைக்காலம் தாங்காது.
4. உள்ளே வந்த வயரை ரேடியோவின் மஞ்சளோடு சேருங்கள். அதே இடத்தில் ஒரு 1 சதுர மி.மீ. கிளை எடுத்து ஸ்விட்சின் கீழ் முனைக்குக் கொடுங்கள்.
5. ஃபியூஸ் பெட்டியின் ஏ4-இலிருந்து, அதாவது பச்சைப் பக்கத்திலிருந்து, இன்னொரு 1 சதுர மி.மீ. வயரை ஸ்விட்சின் மேல் முனைக்குக் கொண்டுவாருங்கள். அதிலும் 5 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று இருக்கட்டும்.
6. ஸ்விட்சின் நடு முனையிலிருந்து ரேடியோவின் சிவப்புக்கு.
7. கறுப்பு, மேலே செய்த எர்த் போல்ட்டுக்கு.

ஜாயின்ட்டுகளைக் கிரிம்ப் செய்யுங்கள். சால்டர் வைப்பதானால் ஈயம் ஏறிய இடம் விறைத்துவிடும், விறைப்பு முடியும் இடத்தில் அதிர்வில் முறியும். அதன் இருபுறமும் 2 செ.மீ. மூடும்படி ஹீட் ஷ்ரிங்க் போட்டு, பக்கத்து ஹார்னஸோடு கட்டிவிடுங்கள். வெறும் கறுப்பு டேப் சித்திரை வெயிலில் பசை இளகி, டேப் ஒரு பக்கம், ஜாயின்ட் ஒரு பக்கம் என்று நகர்ந்துவிடும்.

மஞ்சள் வயர் வண்டி நிற்கும்போதும் கொஞ்சம் இழுக்கும். சாதாரண செட்டில் சில மில்லி ஆம்பியர்தான், பெரிய திரை ஆண்ட்ராய்டு செட்டில் அது பல மடங்காகும். 20 மில்லி ஆம்பியர் இழுக்கும் செட் ஒரு மாதத்தில் 14 ஆம்பியர்-மணி வடித்துவிடும். 60 ஆம்பியர்-மணி பேட்டரியில் அது கால் பங்குக்கு அருகே. வண்டியை ஷெட்டில் மாதக்கணக்கில் விடுகிறவர்கள் 15 ஆம்பியர் ஃபியூஸைக் கழற்றி வைத்துவிட்டுப் போவது நல்லது. ஸ்டேஷன் நினைவு அழியும், அவ்வளவுதான்.

டைனமோவின் கையிருப்பு

ஆம்ப்ளிஃபையர் வைக்கலாமா என்ற கேள்விக்கு டைனமோவே பதில் சொல்லும். லூகாஸ் சி40 வகை டைனமோ கொடுப்பது அதிகபட்சம் 22 ஆம்பியர், அதுவும் நல்ல வேகத்தில். இரவு மழையில் ஹெட்லைட்டும் மற்ற விளக்குகளும் 10 ஆம்பியர், இக்னிஷன் 3 முதல் 4, வைப்பர் 3. மிச்சம் 5 ஆம்பியர். ரேடியோ அதில் அடங்கும், ஆம்ப்ளிஃபையர் அடங்காது. சப்வூஃபர் ஆசை இருந்தால் ஆல்டர்னேட்டர் மாற்றிவிட்டு வாருங்கள்.

மாட்டும் இடம்

டேஷ்போர்டை அறுக்காதீர்கள். அறுத்த தகடு திரும்ப வராது, பழைய அம்பாசடரின் டேஷ்போர்டுக்கு இன்று மாற்று கிடைப்பது பெரும்பாடு. டேஷ்போர்டுக்கு அடியில் தொங்கும் பெட்டி போட்டு மாட்டலாம், குளோவ் பாக்ஸுக்குள்ளும் வைக்கலாம். முடுக்கும் முன் ஸ்டீயரிங்கில் கியர் உள்ள வண்டியில் நான்கு கியரையும் போட்டுப் பாருங்கள், ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பாருங்கள், நடுவில் உட்கார்பவரின் முழங்கால் எங்கே வருகிறது என்றும் பாருங்கள்.

முன்பக்கம் மட்டும் பிடித்திருக்கும் செட் மேடுபள்ளத்தில் தலையாட்டும். பின்னால் உள்ள போல்ட்டில் ஓட்டைப் பட்டை ஒன்றைக் கொடுத்துப் பாடியில் பிடியுங்கள். பக்கவாட்டில் 8 மி.மீ.க்கு மேல் நீளமான ஸ்க்ரூ போட்டால் உள்ளே போர்டைக் குத்தும்.

ஸ்பீக்கர்: பழைய வழக்கம் இங்கே உதவாது

பழைய செட்டுகளில் ஸ்பீக்கரின் ஒரு முனையைப் பாடியில் கொடுத்துவிடுவார்கள். இன்றைய செட்டில் ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு வயரிலுமே பேட்டரியின் பாதி அளவு, சுமார் 6 வோல்ட், இருக்கும். எதையும் பாடியில் தொடவிடக் கூடாது, இரண்டு ஸ்பீக்கரின் கழித்தலை ஒன்றாக முடிச்சுப் போடவும் கூடாது. தொட்டால் செட் தன்னைக் காத்துக்கொள்ள வாயை மூடும், இல்லையென்றால் உள்ளே இருக்கும் சிப்பான ஐ.சி. போகும். அதனால் பழைய ஸ்பீக்கர் வயரை மறந்துவிட்டு, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு புதிய வயர் இழுங்கள். வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. கறுப்புக்கோடு போட்டது கழித்தல்.

ஒவ்வொரு லைனுக்கும் 4 ஓம் குறையாமல் இருக்க வேண்டும். 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டை ஒரே லைனில் இணையாகப் போட்டால் 2 ஓம் ஆகி ஐ.சி. கொதிக்கும். பழைய டேஷ்போர்டின் ஒற்றை ஸ்பீக்கர் இடத்தையே பயன்படுத்த விரும்பினால், இரட்டை வாய்ஸ் காயில் ஸ்பீக்கர் வாங்கி இடது ஒன்றுக்கும் வலது ஒன்றுக்கும் கொடுங்கள்.

பின் பார்சல் டிரேயின் அட்டை ஸ்பீக்கரின் எடையில் வளையும். அடியில் 12 மி.மீ. பிளைவுட் வளையம் வைத்தால் பாஸும் கூடும். கூட்டல் கழித்தல் சரியா என்று பார்க்க ஒன்றரை வோல்ட் பென்சில் பேட்டரி போதும். கூட்டலில் கூட்டலைத் தொட்டால் கோன் வெளியே தள்ளும். ஒன்று வெளியேயும் மற்றது உள்ளேயும் போனால் பாஸ் காணாமல் போகும். ஸ்பீக்கர் வயரைப் பவர் வயருக்கு எதிர்ப்பக்கமாக, பெட்ரோல் பைப்பிலிருந்தும் ஹேண்ட்பிரேக் கேபிளிலிருந்தும் தள்ளி எடுத்துச் செல்லுங்கள்.

ஏரியல்

எஃப்.எம்.முக்கு 75 செ.மீ. கம்பி சரியான அளவு. மீடியம் வேவுக்கு நீளம் கூடக் கூட நல்லது. மட்கார்டில் வைப்பதானால் டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கும் பக்கத்தைத் தவிர்த்து எதிர்ப்பக்கம் வையுங்கள். முதலில் 3 மி.மீ. துளை, பிறகு ஏரியலின் அளவுக்குப் பெரிதாக்கி, வெட்டிய விளிம்பில் ரெட் ஆக்ஸைடு பூசுங்கள். அடிப்பக்கத்தில், ஏரியலின் பல் கடிக்கும் இடத்தில் மட்டும், பெயின்ட்டைச் சுரண்டுங்கள். ஏரியலுக்கும் எர்த் வேண்டும் என்பதை மறப்பதால்தான் கரகரப்பு. ஏரியல் வயர் குறைந்தால் டி.வி. கேபிளை ஒட்டுப் போடாதீர்கள். அதன் மின்தேக்கம் அதிகம், மீடியம் வேவ் ஸ்டேஷன்கள் பாதி காணாமல் போகும். கார் ஏரியலுக்கான எக்ஸ்டென்ஷன் வயர் தனியாகக் கிடைக்கிறது.

மாட்டியபின் மல்டிமீட்டரை ஓமில் வையுங்கள். கம்பி நுனிக்கும் பிளக்கின் நடு ஊசிக்கும் இடையே பூஜ்யத்துக்கு அருகில், பிளக்கின் உறைக்கும் பாடிக்கும் இடையே பூஜ்யத்துக்கு அருகில், ஊசிக்கும் உறைக்கும் இடையே தொடர்பே இல்லை என்று காட்ட வேண்டும். கடைசியில் ஏதாவது ஓம் காட்டினால் உள்ளே மழைத்தண்ணீர் இறங்கியிருக்கிறது.

இரைச்சலைப் பிடிப்பது

கழற்றி வைத்த பேட்டரி எர்த் கேபிளைத் திரும்ப மாட்டி, ஃபியூஸைப் போட்டு, ரேடியோவை மட்டும் முதலில் ஓட்டுங்கள். சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு, செட்டின் தகர உடலுக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் இடையே வோல்ட் பாருங்கள். 0.1-க்குள் இருந்தால் எர்த் நன்று, 0.2-ஐத் தாண்டினால் போல்ட்டைத் திரும்பக் கழற்றித் தேயுங்கள். பிறகு இன்ஜினை ஸ்டார்ட் செய்து, இரைச்சல் வந்தால் ஏரியல் பிளக்கைப் பிடுங்குங்கள். நின்றுவிட்டால் அது ஏரியல் வழி வருகிறது. நிற்காவிட்டால் பவர் லைன் வழி.

ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க உயரும் விசில் டைனமோ. அதன் டி முனைக்கும் அதன் உடலுக்கும் இடையே, இரைச்சலை அடக்கும் 1 மைக்ரோஃபாரட் சப்ரஸர் கண்டென்சர் போடுங்கள். எஃப் முனையில் போடவே கூடாது, ரெகுலேட்டர் பாயின்ட் எரியும். வேகத்துக்கு ஏற்ப டிக் டிக் என்று வருவது இக்னிஷன். அதே மாதிரி ஒரு கண்டென்சரைக் காயிலுக்குக் கரண்ட் வரும் முனையில் கொடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனையில் கொடுத்தால் இன்ஜின் மிஸ்ஸிங் அடிக்கும். இன்னும் மிச்சம் இருந்தால் பிளக்குகளுக்கு 5 கிலோ ஓம் சப்ரஸர் கேப். கார்பன் நூல் வைத்த பிளக் வயரும் இதையே செய்யும், ஆனால் வயரைப் பக்கவாட்டில் ஊசி ஸ்க்ரூவால் குத்திப் பிடிக்கும் பழைய டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பில் அது நிலைக்காது. அங்கே செம்பு வயரும் சப்ரஸர் கேப்பும்தான் சரியான ஜோடி.

பானெட் கீலில் கிரீஸும் பெயின்ட்டும் இருப்பதால் பானெட்டே தனியாக நின்று இக்னிஷன் சத்தத்தைப் பரப்பும். பாடிக்கும் பானெட்டுக்கும் ஒரு பின்னல் பட்டை கொடுத்தால் வியக்கும் அளவுக்கு அடங்கும். இத்தனையும் செய்து இன்னும் இரைச்சல் என்றால் மலிவான போன் சார்ஜரையும் எல்.இ.டி. ஹெட்லைட் பல்பையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள்.

ஹார்ன் அடித்தால் செட் அணைகிறதா, எர்த் சரியில்லை. ஸ்டார்ட் செய்யும் நொடியில் அணைந்து வருவது இயல்பு. சாவியை எடுத்ததும் ஸ்டேஷன் எல்லாம் மறந்துவிடுகிறதா, மஞ்சளும் சிவப்பும் மாறியிருக்கிறது.

மீடியம் வேவ் உள்ள பழைய செட்டானால் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. ஏரியல் பிளக் சொருகும் இடத்துக்கு அருகே ஒரு சின்னத் துளை, அதற்குள் ஒரு ஸ்க்ரூ இருக்கும். ஏரியலை முழு நீளத்துக்கு இழுத்து, 1400 கிலோஹெர்ட்ஸை ஒட்டி மெலிதாகக் கேட்கும் ஒரு ஸ்டேஷனைப் பிடியுங்கள். பிளாஸ்டிக் டெஸ்டரால் அந்த ஸ்க்ரூவை மிக மெதுவாகத் திருப்புங்கள். சத்தம் ஓர் இடத்தில் சட்டென்று எழும்பி மறுபடி இறங்கும். எழும்பிய இடத்துக்குத் திரும்பிவந்து நிறுத்திவிட்டுச் செட்டை முடுக்குங்கள்.